மறுமொழி: கெபெக் குடிவழி ஏடுகளில் வரும் 'தி' – கிளைப்பெயர் எனலாமா?

அன்பர்களுக்கு வணக்கம். கனடாவின் பிரெஞ்சு மொழி மாகாணமான கெபெக்கின் பழைய ஏடுகளில், குடும்பப்பெயருக்குப் பின் 'தி' (dit, 'என்கிற') என்று சேர்த்து இரண்டாவது பெயர் ஒன்றை எழுதுவார்கள். அந்தப் பெயருக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்பதே கேள்வி. வந்த யோசனைகளுக்கு ஒவ்வொன்றாக மறுமொழி சொல்கிறேன்.

> புனைபெயர் என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் தெரிந்த சொல்.

பொருந்தாது என்பேன். புனைபெயர் ஒருவர் தாமே சூடிக்கொள்வது, அவரோடு முடிந்துவிடும். கெபெக்கின் பங்குக்கோயில் ஏடுகளில் 'உதோன் தி போலியே' என்று வருகிறதே, அந்தப் போலியே முதல் ஆளோடு நிற்கவில்லை. பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இறங்கியது. இன்று அந்த வழியில் வந்தவர்களில் சிலர் உதோன், சிலர் போலியே. ஒரே ஆளுக்கு ஞானஸ்நானப் பதிவில் ஒரு பெயரும் திருமணப் பதிவில் மற்றதும் இருக்கக்கூடும். உதோனை மட்டும் தேடுகிறவருக்குப் போலியே என்று எழுதப்பட்ட உறவினர் அத்தனை பேரும் தவறிப்போவார்கள். ஆகவே பெயர் தலைமுறை தாண்டி இறங்குவதை நம் சொல் காட்டியே தீரவேண்டும்.

> அப்படியானால் பட்டப்பெயர்?

தோற்றத்தைப் பார்த்தால் இதில் நியாயம் உண்டு. 1665இல் கரிஞான்-சலியேர் என்ற பிரெஞ்சுப் படைப்பிரிவு, வட அமெரிக்காவில் பிரான்சின் குடியேற்றமாக இருந்த நியூ பிரான்சில் வந்திறங்கியது. சுமார் 1,200 வீரர்கள். அவர்களில் 400 பேர் அளவில் அங்கேயே குடியேறினார்கள். பிரெஞ்சுப் படையில் வீரனுக்கு ஒரு படைப்பெயர் இருப்பது வழக்கம்: லஃப்ளோர் என்றால் பூ, சான்சூசி என்றால் கவலையற்றவன், லஜுனெஸ் என்றால் இளமை. ஆனால் எல்லாமே படையில் பிறந்தவை அல்ல. லான்ஜ்வேன் என்பது அன்ஜூ பகுதியிலிருந்து வந்தவர் என்று ஊரைச் சொல்கிறது. ஊர், நிலம், படை என்று எதிலிருந்து வந்தாலும் எல்லாவற்றுக்கும் பொதுவாக நிற்பது குடும்பப்பெயரோடு ஒட்டிக்கொண்டு இறங்கியதுதான். லஃப்ளோர் பல படைவீரர்களுக்கு வாய்த்த பெயர் என்பதையும் மறக்கவேண்டாம். இரண்டு லஃப்ளோர்கள் பங்காளிகளாக இருக்கவேண்டிய கட்டாயமே இல்லை.

> வழங்குபெயர் அழகாக இருக்கிறது.

மிக அழகு. அதனாலேயே அதை இங்கே செலவழிக்க மனம் வரவில்லை. அந்த ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஆண்பிள்ளைகளுக்கு ழோசேப், பெண்பிள்ளைகளுக்கு மரி என்று முன்னால் சேர்த்து, ஞானப்பெற்றோர் பெயரையும் வைத்து, கூப்பிடுவதற்கு வேறொரு பெயரைச் சொல்வது வழக்கம். அந்தக் கூப்பிடும் பெயருக்குத்தான் வழங்குபெயர் கச்சிதமாகப் பொருந்தும்.

என் பரிந்துரை கிளைப்பெயர். எல்லாக் குடும்பங்களிலும் அது கிளை பிரிக்கவில்லையே, சில இடங்களில் பழைய பெயர் அடியோடு உதிர்ந்துவிட்டதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனாலும் ஆய்வாளர் இந்தச் சொல்லைத் தேடிவருவது பெரும்பாலும் இரண்டு பெயர்களுக்கு நடுவே வழி மறைந்துபோகும் இடத்தில்தான். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக்குப் போன புவாவேர் (பசுமையான காடு என்று பொருள்) குடும்பங்கள் ஆங்கிலத்தில் கிரீன்வுட் ஆனது மொழிபெயர்ப்பு. அதை இதற்குள் திணிக்கவேண்டாம்.

பெயர்களுக்கு நடுவில் வரும் 'தி'யைப் பதிவுகளை மொழிபெயர்க்கும்போது 'என்கிற' என்றே எழுதலாம். 'முருகன் என்கிற முருகேசன்' என்று நம் பத்திரங்களில் இருப்பதுதானே. சோழர் கல்வெட்டுகளில் வரும் 'ஆன' இன்னும் சுருக்கம். ஆனால் இன்றைய வாசகர் தடுமாறுவார். பெண்ணுக்கு 'தித்' என்று பிரெஞ்சில் ஈறு மாறும். தமிழில் அந்தச் சிக்கல் இல்லை.

நம் கலைச்சொல் பட்டியலில் உள்ள 'கன்னிப்பெயர்' (மணத்துக்கு முந்தைய குடும்பப்பெயர்) என்பதையும் மாற்றக் கோருகிறேன். அந்த ஏடுகளில் பெண்ணை, மணமானவரோ கைம்பெண்ணோ, அடக்கப் பதிவு வரையிலும் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயராலேயே எழுதுவது பொதுவான வழக்கம். தாய்வழியைத் தேடுகிறவர்களுக்கு இது பெரிய வரம். 1981 ஏப்ரல் முதல் கெபெக் சட்டமும் மணமான பெண் தன் பிறப்புப்பெயரிலேயே உரிமைகளைச் செலுத்தவேண்டும் என்கிறது. 'பிறந்தகப் பெயர்' என்று முதலில் நினைத்தேன்; அது புகுந்தகப் பெயர் ஒன்று இருப்பதாக ஊகிக்க வைக்கும். 'பிறப்புப்பெயர்' போதும்.

கிளைப்பெயருக்கு மறுப்பு உள்ளவர்கள் ஓர் ஏட்டுப் பதிவை எடுத்துக்காட்டி எழுதுங்கள். படைப்பெயரைத் தனிப் பதிவாகச் சேர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை.