சம்ப் ரிட்டர்னில் தண்ணீர் குறைந்தால்: பம்ப் மாற்றும் முன் பைப்பைப் பாருங்கள்

சென்னை, சிக்லிட் வளர்ப்பவர்

பெரம்பூரில் ஒரு நண்பர் 5×2×2 அடி தொட்டியில் மலாவி சிக்லிட் மீன் வளர்க்கிறார். ஏறக்குறைய 540 லிட்டர். சம்ப்பிலிருந்து (தொட்டிக்குக் கீழே கேபினட்டில் இருக்கும் வடிகட்டித் தொட்டி) மேலே திரும்பி வரும் தண்ணீர், அதாவது ரிட்டர்ன், சன்னமாக விழுகிறது, 6000 லிட்டர் பம்ப் வாங்கப் போகிறேன், கொளத்தூர் மீன் கடைகள் வரை கூட வாருங்கள் என்றார். கிளம்பும் முன் இருக்கிற பம்ப்பின் பெட்டியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மணிக்கு 4000 லிட்டர், உயரம் 3 மீட்டர் என்று போட்டிருந்தது. இந்த இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. உயரமே ஏற்றாமல் ஓட்டினால் 4000 லிட்டர். 3 மீட்டர் உயரத்தில் ஒரு சொட்டுகூட வெளியே வராது. நம் எல்லோருடைய பம்ப்பும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கே ஓடுகிறது என்று பார்க்க 10 லிட்டர் பக்கெட்டும் ஃபோனில் உள்ள ஸ்டாப்வாட்சும் போதும். ரிட்டர்ன் வாயில், அது வழக்கமாக இருக்கும் உயரத்திலேயே பிடிக்க வேண்டும். 36,000-ஐ பக்கெட் நிறைய ஆன விநாடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். அங்கே 25 விநாடி ஆனது. அதாவது 1440 லிட்டர். தொட்டித் தண்ணீர் மணிக்கு மூன்று தடவைகூட சுற்றவில்லை. சிக்லிட் தின்று கழிக்கிற அளவுக்கு அது போதாது.

கேபினட்டைத் திறந்து பைப்பைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. தொட்டியைப் பொருத்திக் கொடுத்தவர் முக்கால் அங்குல பைப் போட்டு, மூலைக்கு மூலை எல்போ (பைப்பைச் சட்டென்று திருப்பும் மூட்டு) வைத்து மொத்தம் ஆறு எல்போவில் மேலே ஏற்றியிருந்தார். பம்ப் வாயில் ஒரு ஹோஸ் காலர் (ஹோஸை மாட்டும் இணைப்பு), அதன் உள்துளை 14 மி.மீ. நடுவில், தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்க, ஸ்பிரிங் வைத்த செக் வால்வு வேறு.

சம்ப் நீர்மட்டத்திலிருந்து தொட்டி நீர்மட்டம் வரை அங்கே ஒன்றரை மீட்டர். (பம்ப் எவ்வளவு ஆழத்தில் மூழ்கியிருக்கிறது என்பது கணக்கில் வராது, மட்டத்திலிருந்து மட்டம்தான்.) இந்த உயரத்தை நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பைப்பின் உராய்வு நம் கையில் இருக்கிறது. மணிக்கு 2400 லிட்டர் ஓட வேண்டும் என்றால், முக்கால் அங்குல ஷெட்யூல் 40 (பைப் சுவரின் தடிமன் வகை) பைப் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 20 செ.மீ. உயரத்துக்கான சக்தியைத் தின்றுவிடும். ஒரு அங்குலத்தில் அதுவே 6 செ.மீ.தான். ஒன்றேகாலில் 2 செ.மீ.கூட இல்லை. முக்கால் அங்குல எல்போ ஒன்று 60 செ.மீ. நேர் பைப்புக்குச் சமம். ஆறு எல்போ என்றால், கண்ணுக்குத் தெரியாத மூன்றரை மீட்டர் பைப் அந்த கேபினட்டுக்குள் கூடுதலாக இருந்தது.

பம்ப்பை மாற்றவில்லை. வாயிலேயே ஒரு அங்குலத்துக்குப் பெரிதாக்கி, ஒரு யூனியன் (கழற்றி மாட்டக்கூடிய மூட்டு), முழுத்துளை பால் வால்வு ஒன்று, எல்போவுக்குப் பதில் இரண்டு பெண்ட் (நீளமாக வளையும் மூட்டு), அவ்வளவுதான். செக் வால்வை எடுத்துவிட்டோம். மறுபடி பக்கெட் பிடித்தபோது 16 விநாடி. 2250 லிட்டர், அதே பம்ப், அதே கரண்ட்.

இதை எழுதுவதற்குக் காரணம், தண்ணீர் வரவில்லை என்றதும் எல்லோரும் பெரிய பம்ப்புக்குத்தான் ஓடுகிறோம். பெரிய பம்ப் அதே பைப்பில் இன்னும் அதிகமாக முட்டும். அந்தச் சக்தி முழுக்க வெப்பமாகித் தண்ணீரில்தான் இறங்கும். சென்னை மே மாதத்தில் தொட்டிக்கு அது தேவையில்லாத சூடு. உங்கள் வீட்டில் எப்படி மாற்றினீர்கள், எவ்வளவு கூடியது என்று எழுதுங்கள்.

கோவை, செடித்தொட்டி

நல்ல பதிவுங்க. இதோட ஒண்ணு சேர்க்கணும். "ஒரு இஞ்ச் பைப்" என்று கடையில் கேட்டால் எந்த ஒரு இஞ்ச் கிடைக்கும் என்பதே பெரிய விஷயம். என் தங்கை வீட்டில் வெந்நீர் லைன் போட்டு மிச்சமிருந்த சிபிவிசி பைப்பை ரிட்டர்னுக்கு எடுத்துக்கொண்டார்கள். அதுவும் ஒரு இஞ்ச்தான். ஆனால் எஸ்டிஆர் 11 (இதுவும் தடிமன் வகைதான்) சிபிவிசியின் வெளிவிட்டமே 28.6 மி.மீ.தான். உள்ளே 23.4 மி.மீ. தான் இருக்கும். ஷெட்யூல் 40 யுபிவிசி ஒரு இஞ்ச் என்றால் உள்ளே 26.6 மி.மீ. மூணு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். விட்டம் குறையக் குறைய உராய்வு ஏறக்குறைய அதன் ஐந்தாம் அடுக்கில் கூடுகிறது, அதனால் அதே தண்ணீருக்கு இரண்டு மடங்கை நெருங்கிவிடும்.

விவசாய பைப்பில் 25, 32 என்று போட்டிருப்பது வெளிவிட்டம். 25 மி.மீ. வாங்கிவிட்டு ஒரு இஞ்ச் போட்டாச்சு என்று நினைத்தவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். வெர்னியர் இல்லாவிட்டால் சின்ன ஸ்கேல் ஒன்றைக் கடைக்கு எடுத்துப் போங்க. பைப்பின் வாயில் வைத்து உள்ளளவு பார்த்து வாங்குங்க. பால் வால்வையும் திறந்து கண்ணருகில் பிடித்துப் பாருங்க. வெளியே ஒரு இஞ்ச், உள்ளே பந்தின் துளை முக்கால்கூட இல்லாத வால்வுகள் நிறைய விற்கிறார்கள்.

திருச்சி, புதிதாக சம்ப் வைத்திருப்பவர்

அண்ணா, என் பம்ப் வாயே முக்கால் அங்குலம்தான். அதில் ஒரு அங்குல பைப் போட்டால் பிரஷர் குறைந்துவிடும், மேலே ஏறாது என்று எங்கள் ஏரியா பிளம்பர் சொல்கிறார். சரியா?

சென்னை, சிக்லிட் வளர்ப்பவர்

தம்பி, ஏறும். நிற்கிற தண்ணீரின் பாரம் உயரத்தை மட்டும் பொறுத்தது. பைப்பின் அகலம் அதில் வராது. ஒன்றரை மீட்டர் தண்ணீர் முக்கால் அங்குலத்தில் நின்றாலும் இரண்டு அங்குலத்தில் நின்றாலும் அடியில் தருகிற அழுத்தம் ஒன்றுதான். பிளம்பர் சொல்வது வாயில் பீய்ச்சுகிற வேகத்தைப் பற்றி. சிறிய வாயில் வேகம் கூடும், தண்ணீர் குறையும். உங்களுக்கு அந்த வேகம் வேண்டுமென்றால் கடைசி ஓரத்தில் மட்டும் குறுக்குங்கள், கீழேயிருந்து குறுக்கிக்கொண்டு வராதீர்கள். அதற்கும்கூட சின்ன வேவ்மேக்கர் (தண்ணீரை அலைபோல் தள்ளும் கருவி) ஒன்றைத் தொட்டிக்குள் வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. சம்ப் வழியாக மணிக்கு மூன்றிலிருந்து ஐந்து தடவை சுற்றினால் பெரும்பாலான தொட்டிக்குப் போதும்.

இன்னொன்று. தண்ணீரைக் குறைக்க நினைத்தால் பம்ப்புக்குப் பின்னால், வெளியேறும் பக்கத்தில் வால்வு வையுங்கள். உறிஞ்சும் பக்கத்தை ஒருபோதும் அடைக்கக் கூடாது. பம்ப் உறிஞ்சும் வாயில் ஸ்பான்ஜ் ப்ரீஃபில்டர் மாட்டியிருப்பவர்கள் வாரம் ஒருமுறை அதைக் கசக்கிக் கழுவுங்கள். அது அடைத்தாலும் அதே பாதிப்புதான்.

மதுரை, அரோவானா

எல்போ பற்றி ஒரு நம்பிக்கை இங்கே பரவலாக இருக்கிறது. ஒரு 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி எல்போ போட்டால் தண்ணீர் நன்றாக வரும் என்பார்கள். நானும் என் மைத்துனரும் அவர் தொட்டியில் இதை மாற்றிப் பக்கெட் பிடித்தோம். விநாடியில் வித்தியாசமே இல்லை. பிறகு கணக்கைப் பார்த்தால் அதுதான் முறை: 90 டிகிரி எல்போ பைப் விட்டத்தைப்போல் 30 மடங்கு நீளத்துக்குச் சமம், 45 டிகிரி எல்போ ஒன்று 16 மடங்கு. இரண்டு போட்டால் 32. கூடவே இரண்டு மூட்டு அதிகம், ஒழுகும் இடமும் அதிகம்.

உண்மையில் பலன் தருவது நீளமாக வளைகிற பெண்ட். சாதாரண பிளம்பிங் கடையிலேயே கிடைக்கிறது, எல்போவைவிடக் கொஞ்சம் விலை கூட, இடமும் கொஞ்சம் கூட வேண்டும். அதைவிடச் சுலபம், கம்பி அல்லது நூல் பின்னல் உள்ள தடித்த ஹோஸ். மெதுவாக வளைத்துக் கொண்டுபோனால் எல்போவே வேண்டாம். பச்சைத் தோட்ட ஹோஸ் வேண்டாம், வளைகிற இடத்தில் மடிந்து நசுங்கிவிடும். கண்ணாடிபோல் தெரிகிற ஹோஸும் வேண்டாம், வெளிச்சம் பட்டு உள்ளே பாசி கட்டி வழி குறுகும். ஹோஸ் காலரைப் பித்தளையில் வாங்காதீர்கள். செம்பு கரைந்தால் இறால், நத்தை எல்லாம் போய்விடும்.

கோவை, செடித்தொட்டி

மதுரைக்காரர் சொன்னது ரொம்பச் சரிங்க. நானும் 45 டிகிரியைத்தான் நம்பிட்டு இருந்தேன்.

சென்னை, டிஸ்கஸ்

ரிட்டர்ன் பெரிதாக்குகிறவர்கள் தொட்டியிலிருந்து சம்ப்புக்கு இறங்கும் வடிகாலையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும். இதை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். மேலே ஏறுவது பம்ப்பின் பலத்தில். கீழே இறங்குவதற்குத் தண்ணீரின் எடை தவிர வேறு துணை இல்லை. ரிட்டர்ன் ஒரு அங்குலம் என்றால் வடிகால் ஒன்றரை அங்குலம் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. எங்கள் குடியிருப்பில் ஒரு குடும்பம் பம்ப்பை மட்டும் பெரிதாக்கியது. டர்சோ குழாய் (காற்றும் சேர்ந்து இறங்கும் வடிகால் குழாய்) அன்றைக்கே கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது, தொட்டித் தண்ணீர் வழிந்து விழும் ஓவர்ஃப்ளோ பெட்டியில் மட்டம் விளிம்புவரை ஏறியது. ஒரு இலை போய் அடைத்திருந்தால் ஹால் முழுக்கத் தண்ணீர். இப்போது ஹெர்பி முறையில் மாற்றியிருக்கிறார்கள். ஒரு குழாய் கேட் வால்வு வைத்து முழுக்க நிரம்பி ஓடும், அதனால் சத்தமே இல்லை. பக்கத்தில் இன்னொரு குழாய் அவசரத்துக்கு, அது காலியாகவே இருக்க வேண்டும். இடம் இருந்தால் மூன்று குழாய் வைக்கிற பீன்அனிமல் முறை இன்னும் பாதுகாப்பு.

மின்வெட்டும் இதோடு வருகிறது. ரிட்டர்ன் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு தண்ணீரும் பம்ப் நின்றதும் சைஃபனாகி (தானாகவே இழுபட்டு) சம்ப்புக்கு வந்துவிடும். முதல் பதிவில் சொன்ன 5×2 அடி தொட்டியில் ஒரு செ.மீ. மட்டம் என்பது 9 லிட்டருக்கும் மேல். வாய் 4 செ.மீ. கீழே இருந்தால் 37 லிட்டர் இறங்கும். அழகுக்காக 20 செ.மீ. கீழே இறக்கினால் 180 லிட்டரைத் தாண்டும், எந்த வீட்டு சம்ப் அதைத் தாங்கும்? அதனால் வாயை மட்டத்தை ஒட்டியே வையுங்கள். செக் வால்வை நம்பி சம்ப்பை நிரப்பாதீர்கள். அதற்குள் ஒரு சின்ன நத்தை உட்கார்ந்தால் போதும், மூடாது. காற்று புகுந்து சைஃபனை உடைக்க ரிட்டர்ன் பைப்பில் போடுகிற துளையும் அப்படித்தான், பாசி அடைக்கும், அடிக்கடி குத்திவிட வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்துகிற நாளில் வீட்டில் இருந்தால், சம்ப் மட்டம் எதுவரை ஏறுகிறது என்று பார்த்து ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது அதற்கேற்ப மட்டத்தைக் குறைத்து வைத்தால் நிம்மதியாக வெளியூர் போகலாம்.

தூத்துக்குடி, கடல்மீன் தொட்டி

உப்புத் தண்ணீரில் பைப் சரியாக இருந்தாலும் தண்ணீர் மெல்ல மெல்லக் குறையும். தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது, பக்கெட் பிடித்தால்தான் தெரியும். பைப் புதிதாக இருக்கும்போது வந்த விநாடியை கேபினட் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன். அதைவிட நேரம் கூடினால் பம்ப்பைக் கழற்றி, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஊறப்போடுவேன். இம்பெல்லர் (பம்ப்புக்குள் சுழலும் விசிறி), அது உட்காரும் குழி, தண்டு எல்லாவற்றிலும் சுண்ணாம்பு கட்டியிருக்கும், பழைய டூத் பிரஷ் போட்டால் வந்துவிடும். போர் தண்ணீர் கடினமாக உள்ள ஊர்களில் நன்னீர் தொட்டிக்கும் இது பொருந்தும்.

இதற்காகத்தான் யூனியன் முக்கியம். பம்ப்புக்கு மேலே ஒன்று, தொட்டிப் பக்கம் ஒன்று. சால்வென்ட் (பைப் ஒட்டும் பசை) போட்டு ஒரேயடியாக ஒட்டிவிட்டால் யாரும் கழற்றிக் கழுவ மாட்டார்கள்.

திருச்சி, புதிதாக சம்ப் வைத்திருப்பவர்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு மூலையிலும் ரிட்டர்ன் வாய் வேண்டும் என்றால் கீழேயே டீ (T வடிவ மூட்டு) போட்டு இரண்டு முக்கால் அங்குலமாக ஏற்றவா?

சென்னை, சிக்லிட் வளர்ப்பவர்

வேண்டாம் தம்பி. ஒரு அங்குலமாகவே மேலே கொண்டுபோய், தொட்டி விளிம்புக்கு வந்தபிறகு டீ போடுங்கள். அங்கேயிருந்து இரண்டு பக்கமும் முக்கால் போதும், ஏனென்றால் ஒவ்வொன்றிலும் பாதித் தண்ணீர்தான் ஓடும். இரண்டு வாயும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். ஒட்டியதும் ஓட்டிவிடாதீர்கள், சால்வென்ட் டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை காயவிட்டு, முதல் தண்ணீரைத் தொட்டியில் விடாமல் வெளியே ஓட்டிக் கழுவிவிடுங்கள். பக்கெட் கணக்கை முன்னும் பின்னும் எடுத்து இங்கே போடுங்கள், பார்ப்போம்.