பாயிண்ட் ஏறிச்சா அண்ணாச்சி?

பாளையங்கோட்டை, மளிகைக் கடை

எங்கள் அப்பா காலத்தில் கடையில் தள்ளுபடி என்ற பேச்சே கிடையாது. மாதச் சாமான் வாங்கிச் சிட்டையை முடிப்பவர்களுக்கு ஒரு கை பொரிகடலை, கூட வந்த பிள்ளைக்கு ஒரு துண்டு கருப்பட்டி. அதற்கு ரிப்போர்ட்டும் கிடையாது, ரோதனையும் கிடையாது. 2023 தை மாதம் நான்தான் ஆசைப்பட்டுப் பில்லிங் மெஷினில் பாயிண்ட் திட்டத்தைப் போட்டேன். 100 ரூபாய்க்கு வாங்கினால் 1 பாயிண்ட், 1 பாயிண்டுக்கு 1 ரூபாய் கழிவு. சாஃப்ட்வேர் போட வந்த தம்பி ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்து, காபியையும் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் வைத்ததை வைத்தபடியே விட்டேன்.

அந்த வருடம் டிசம்பர் வெள்ளம் வடிந்து, வியாபாரம் மறுபடி ஒரு நிலைக்கு வந்து, பொங்கல் நெருங்கிய நேரம். அதிகம் வாங்கிய 10 பேருக்கு ஆளுக்கு அரைக் கிலோ அல்வா கொடுக்கலாம் என்று தோன்றியது. ரிப்போர்ட் எடுத்தேன். முதல் வரியில் 6,840 பாயிண்ட். அடுத்த ஆளுக்கு 1,912தான். 6,840 பாயிண்ட் என்றால் 6 லட்சத்து 84 ஆயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கியிருக்க வேண்டும். அப்படி ஒரு வாடிக்கை எனக்குத் தெரியாமல் யார்? பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அம்மா' என்று மட்டும் இருந்தது.

போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தார். கடை பெயரைச் சொன்னதும், "எம் மவன் உங்க கடையிலதான நிக்கான்? ஏதும் தப்பு தண்டா பண்ணிட்டானா அண்ணாச்சி?" என்று பதறினார். அல்வா வாங்க வரச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். வேறு என்ன சொல்வது?

பில் போடும் பையன், போன் நம்பர் சொல்லாதவர்களின் பில்லையெல்லாம் அம்மா நம்பரில் ஏற்றியிருக்கிறான். அதற்கு முன்பே கழித்துக்கொண்ட பாயிண்ட் 2,300 தனி. விஷயம் தெரிந்ததும் மூன்று நாள் கடைப்பக்கம் வரவில்லை. நாலாம் நாள் வந்து, "நம்பர் சொல்லாதவங்க பாயிண்டு சும்மாதான போவுது, யாருக்கு நட்டம்னு நெனச்சிட்டேன் அண்ணாச்சி" என்றான். அவன் சொன்னதில் பாதி நியாயம் இருப்பதாக எனக்கே பட்டது, அதுதான் கஷ்டம். கேட்காதவர்களுக்கு நான் கொடுக்க நினைக்கவே இல்லையே. ஆளை நிறுத்தவில்லை. மீதிப் பாயிண்டை அழித்துவிட்டு, செட்டிங்கில் மூன்று மாற்றம் செய்தேன். பொருளை ஸ்கேன் செய்வதற்கு முன்பே நம்பர் போட வேண்டும், பில் முடிந்தபின் ஏற்ற முடியாது. கழிக்க வேண்டுமென்றால் அந்த நம்பருக்கு ஓடிபி போகும். ஒரே நம்பரில் ஒரு நாளைக்கு மூன்று பில்லுக்கு மேல் போனால் எனக்கு மெசேஜ் வரும். அந்த அம்மாவுக்கு அல்வாவும் கொடுத்தேன், சொன்ன சொல் இருக்கிறதே.

இந்த மாதிரி உங்களுக்கும் நடந்திருக்கும். சொல்லுங்கள்.

அம்பாசமுத்திரம், மளிகை மொத்தமும் சில்லறையும்

அண்ணாச்சி, உங்கள் பையன் பரவாயில்லை. எங்கள் ஊரில் கல்யாண வீட்டுக்குச் சமைக்கும் தவசுப்பிள்ளைமார் இருக்கிறார்களே, அவர்கள் கதை தனி. ஒரு கல்யாண வீட்டுச் சாமான், 60,000 ரூபாய்க்கு மேல். அரிசி, சீனி, எண்ணெய், பருப்பு. பணம் கொடுத்தது பெண் வீட்டார். நம்பர் சொன்னது சாமான் லிஸ்ட்டோடு வந்த தவசுப்பிள்ளை. 600 பாயிண்ட் அவர் கணக்கில் ஏறிவிட்டது. மறுவீடெல்லாம் முடிந்தபின் பெண்ணுடைய சித்தப்பா பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "காசு எங்களுது, பாயிண்டு யாருக்குவே?" என்று கேட்டால் நான் என்ன சொல்ல? இரண்டு பக்கமும் பகைக்க முடியாமல் பெண் வீட்டுக்கும் 600 கொடுத்தேன்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் வயிறு எரிந்தது. சீனியில் எனக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாய், ஒன்றரை ரூபாய் நின்றாலே பெரிய காரியம். அதில் நூற்றுக்கு ஒன்று பாயிண்டாகப் போனால் என்ன மிஞ்சும்? இப்போது அரிசி, சீனி, எண்ணெய் மூன்றுக்கும் பாயிண்ட் கிடையாது. மசாலா, சோப்பு, பிஸ்கட், பாத்திரம் கழுவும் சாமான்களுக்கு மட்டும்தான். மெஷினில் ஒவ்வொரு பொருளாக மாற்ற வேண்டாம், வகை வாரியாகவே நிறுத்திவிடலாம். ஆனால் பொருளை முதலில் சரியான வகையில் சேர்த்திருக்க வேண்டும். என் கடையில் கடலை எண்ணெய் மூன்று மாதம் 'இதர' என்ற வகையில் கிடந்தது.

திருநெல்வேலி டவுன், ஜவுளி

நாங்கள் ரத வீதிப் பக்கம். ஆனித் தேரோட்டத்துக்கு எல்லாத் துணிக்கும் 10 சதவீதம், பழைய வாடிக்கைக்கு மேலும் 5 என்று போர்டு வைத்தோம். 1,000 ரூபாய்க்கு எடுத்தவர் 850 கொடுத்தால் போதும் என்று நினைத்து வந்தார். மெஷின் முதலில் 10 கழித்து 900 ஆக்கி, அந்த 900-இல் 5 கழித்து 855 என்றது. 5 ரூபாய்க்காகக் கவுண்டரில் கால் மணி நேரம் பேச்சு. தேர் அன்றைக்கு, பின்னால் இருபது பேர் நிற்கும்போது! இரண்டையும் கூட்டிக் கழிக்க வேண்டுமா, ஒன்றன்மேல் ஒன்றாகவா என்று ஒரு செட்டிங் இருக்கிறது. போர்டு எழுதும் முன் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய அடி, இரண்டு சட்டை எடுத்தால் ஒன்று இலவசம் என்ற ஆஃபர். 500, 500, 1,200 என்று மூன்று சட்டை வந்தால் எது இலவசம்? 500 ரூபாய்ச் சட்டை என்றுதான் யாரும் நினைப்பார்கள். மெஷின் கடைசியாக ஸ்கேன் செய்ததை இலவசமாக்கிக்கொண்டிருந்தது. விவரமானவர்கள் இரண்டே நாளில் கண்டுபிடித்து விலை கூடியதைக் கடைசியில் நீட்ட ஆரம்பித்தார்கள். எங்களுக்குத் தெரிய ஒரு வாரம் ஆனது.

திருப்பிக் கொடுக்கும் துணியையும் கவனியுங்கள். 4,000 ரூபாய்ச் சேலையில் ஏறிய பாயிண்டைக் கழித்து ஜாக்கெட் துணி வாங்கி, மறுநாள் சேலையைத் திருப்பிவிட்டார் ஒருவர். பாயிண்ட் தானாகக் குறையும்படி இப்போது வைத்திருக்கிறோம். இருப்பு மைனஸில் போனால் போகட்டும், அடுத்த முறை சரியாகிவிடும்.

முக்கூடல் பக்கம், வாங்கப் போகிறவள்

எல்லாரும் கடைக்காரர்களாகவே பேசுகிறீர்கள். நான் ஒன்று சொல்லட்டுமா? ஒரு கடையில் இரண்டு வருடமாக 740 பாயிண்ட் சேர்த்து வைத்திருந்தேன், தீபாவளிக்குக் குக்கர் எடுக்கலாம் என்று. போய்க் கேட்டால், ஒரு வருடம் தாண்டியது எல்லாம் காலாவதி என்றார்கள். எங்கே எழுதியிருக்கிறது என்றால் பில்லின் அடியில் எறும்பு மாதிரி எழுத்தைக் காட்டினார்கள். அந்த பில் காகிதத்தில் எழுத்து நாலு மாதம்கூட நிற்பதில்லை, வெள்ளையாகிவிடுகிறது.

இன்னொன்று, நம்பரைச் சத்தமாகச் சொல்லச் சொல்வது. வரிசையில் பின்னால் நிற்கிறவன் காதில் விழுந்து, இரண்டு நாள் தெரியாத நம்பரிலிருந்து மிஸ்டு கால். இப்போதெல்லாம் என் வீட்டுக்காரர் நம்பரைத்தான் சொல்கிறேன். அண்ணாச்சிமாரே, ஒரு சின்னக் கீபேடை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வையுங்களேன், நாங்களே அழுத்திவிட்டுப் போகிறோம்.

வண்ணார்பேட்டை, பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பவன்

முதலாவதாக எழுதிய அண்ணாச்சி கடையில் காபி குடித்தது நான் இல்லை. ஆனால் நானும் அப்படிக் குடித்துவிட்டு வந்தவன்தான்.

ஒன்றைக் கட்டாயம் ஆடிட்டரிடம் கேளுங்கள். பாயிண்டைக் கழிக்கும்போது மெஷின் அதைத் தள்ளுபடியாக எடுக்கிறதா, பணம் கட்டிய மாதிரி எடுக்கிறதா? 5 சதவீத வரி உள்ள பொருளுக்கு வரியோடு 1,050 ரூபாய் பில் என்று வையுங்கள். 105 பாயிண்ட் கழித்தால் கையில் வருவது எப்படியும் 945. தள்ளுபடியாகப் போட்டால் பொருள் மதிப்பு 900, வரி 45. பணமாகப் போட்டால் மதிப்பு 1,000, வரி 50. விற்கும்போதே கொடுத்து பில்லிலும் காட்டிய தள்ளுபடியை மதிப்பில் கழித்துக்கொள்ள ஜிஎஸ்டி சட்டத்தின் 15-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. பில்லில் காட்டாமல் கல்லாவில் வாய்க்கணக்காகக் குறைத்தால் அந்தச் சலுகை கிடையாது.

2025 செப்டம்பர் 22 அன்று சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய்க்கெல்லாம் வரி 18-இலிருந்து 5 ஆனதே, அன்றைக்கு ஒரு கடையில் கூத்து. 100 ரூபாய் சோப்புக் கட்டுக்கு ஆஃபர் விலை 92 என்று முன்பே போட்டு வைத்திருந்தார்கள். வரி குறைந்து எம்ஆர்பி 89 ஆகிவிட்டது. ஆஃபரை யாரும் தொடவில்லை. மெஷின் 'சலுகை விலை 92' என்று அச்சடித்துக் கொடுத்தது! எம்ஆர்பிக்கு மேல் விற்றால் குற்றம். பில்லே சாட்சி. ஆஃபரை ரூபாயில் போட்டால் முடியும் தேதியையும் சேர்த்தே போடுங்கள்.

அப்புறம், பாக்கிப் பாயிண்ட் ரிப்போர்ட் என்று ஒன்று இருக்கும். இதுவரை கழிக்காமல் இருப்பது எவ்வளவு என்று காட்டும். அவ்வளவும் நீங்கள் ஊருக்குக் கொடுக்க வேண்டிய கடன். யாரும் திறந்தே பார்ப்பதில்லை.

பாளையங்கோட்டை, மளிகைக் கடை

தம்பி சொன்ன ரிப்போர்ட்டை ராத்திரி கடை அடைத்தபின் திறந்தேன். 41,316 பாயிண்ட். எனக்குப் பற்றுப் பாக்கி வரவேண்டியதையெல்லாம் நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். நான் கொடுக்க வேண்டியது இவ்வளவு இருப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

முக்கூடல் அக்கா சொன்னது உறைத்தது. ஒரு வருடமாக வராத நம்பர் 200-க்கு மேல் இருக்கிறது, அவற்றைக் காலாவதி ஆக்கினால் பாதி குறையும் என்று பார்த்த உடனே புத்தி போனது, பொய் சொல்லவில்லை. ஆக்கவில்லை. 'உங்கள் கணக்கில் இவ்வளவு இருக்கிறது, பொங்கலுக்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்' என்று மெசேஜ் எழுதி வைத்திருக்கிறேன். எழுதிக் கொடுத்தது அந்தப் பையன்தான், அவன் தமிழில் வேகமாக டைப் அடிப்பான். நாளைக்குக் காலை அனுப்ப வேண்டும். அத்தனை பேரும் வந்தால் கருப்பட்டி இருப்பு காணாது, அதற்கு முதலில் சொல்லி வைக்கிறேன்.