மறு: பேட்டிக்குள் நம்ம ஆட்களுக்கென்று வைக்கும் பகடி – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு வாரமாக இழை நீண்டுகொண்டே போகிறது. கேள்வியைக் கிளப்பியவன் நான்தான், அதனால் ஒரு முடிவுக்குக் கொண்டுவருவதும் என் வேலை. நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக, எதற்கு இந்தச் சொல் தேவைப்பட்டது என்பதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கடற்கரைப் பக்கம் கால்பந்து என்றால் என்ன என்று வள்ளவிளை, சின்னத்துறைக்காரர்களைக் கேட்டால் தெரியும். இரண்டு வருடம் முன்பு ஒரு இறுதி ஆட்டத்தில் எங்கள் கோலி, குழந்தை உருட்டிவிட்டது போல வந்த பந்தைக் கால் இடுக்கில் விட்டுவிட்டான். கேட்டதற்கு, "கச்சான் தள்ளிட்டு" என்றான். கச்சான் என்றால் எங்கள் பக்கம் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. அன்று சாயங்காலம் ஒரு தென்னை ஓலை அசையவில்லை. கோயில் கொடி துணி காயப்போட்டது மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஊரில் யார் எதைச் சொதப்பினாலும் கச்சான்தான் காரணம். மீன் குழம்பில் உப்பு கூடினால்கூட "கச்சான் அடிச்சிட்டு".

போன மாதம் அதே கோப்பையை ஜெயித்தோம். கேப்டன் என் மருமகன். உள்ளூர் கேபிள் சேனலுக்குப் பேட்டி. மைக் பிடித்த பையன் சென்னையிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாதவன். "வெற்றிக்கு என்ன காரணம்?" என்று கேட்டான். மருமகன் முகத்தை ரொம்பப் பவ்யமாக வைத்துக்கொண்டு, "பயிற்சிதான் சார். பெரியவங்க ஆசீர்வாதம். பிறகு, கச்சானும் இந்த வாட்டி நம்ம பக்கம் நின்னுது" என்றான். பின்னால் நின்ற பையன்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். மைக் பையன் விடவில்லை: "கச்சான் எந்த பொசிஷன்ல ஆடுறார்?" மருமகன் கண்ணிமைக்காமல், "ரைட் விங் சார். இன்னைக்கு லீவு" என்றான்.

ராத்திரி அந்தப் பேட்டியை ஊரே பத்துத் தடவை பார்த்தது. "வெளியாளுக்குப் புரியாதே, எதுக்குலே இப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். "வெளங்குகவனுக்கு வெளங்கும் மாமா. போதும்லா?" என்றான்.

இந்தச் செய்கைக்குத்தான் பெயர் தேடுகிறோம். ஊருக்கே கேட்கும்படி பேசுகிற இடத்தில், தன்னைப் போன்ற ரசிகர்களுக்கு மட்டும் பிடிபடும் ஒன்றைச் செருகிவிட்டுப் போவது. நான் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் கட்டுரையில் இது பதினோரு இடத்தில் வருகிறது. 'இன்சைடு ஜோக்' என்று பதினோரு தடவை எழுத எனக்கு மனசில்லை.

இனி வந்த பரிந்துரைகள்.

> தக்கலை அண்ணன்: நன்னூலில் இருக்கிற குழூஉக்குறியை விட்டுவிட்டு எதற்குப் புதிது?

அண்ணே, குழூஉக்குறி அருமையான சொல். ஆனால் நன்னூல் உரைக்காரர்கள் தரும் உதாரணத்தைப் பாருங்கள். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள். இவை ஒரு கூட்டம் தனக்குள் எப்போதும் புழங்கும் சொற்கள். தொழிலோடு சேர்ந்தவை. 'கச்சான்' எங்கள் ஊர்க் குழூஉக்குறி என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன். அதைக் கேமரா முன்னால் கொண்டுபோய் வைத்தானே, அந்த வேலைக்கு அது பெயராகாது. சரக்கு வேறு, அதை அனுப்பிவைப்பது வேறு.

> மறைநகை, உள்நகை, ஊடுநகை (மூன்றும் குளச்சல் நண்பர்)

வீட்டில் 'மறைநகை' என்று தாளில் எழுதி வைத்திருந்தேன். மனைவி பார்த்துவிட்டு, எனக்குத் தெரியாமல் எந்த பேங்க் லாக்கரில் என்று கேட்டாள். நகை என்றால் சிரிப்பு என்பது நமக்குத் தெரியும். ஊருக்குத் தங்கம்தான். மூன்றையும் தள்ளிவிடலாம்.

> உள்குத்து

வலைப்பதிவுக் காலத்திலிருந்து பழகிய சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் பெயரிலேயே குத்து இருக்கிறது. யாரோ ஒருவர் அடி வாங்க வேண்டும். மருமகன் யாரையும் குத்தவில்லை. அந்தக் கோலிகூட அன்று பின்னால் நின்று சிரித்தவன்தான்.

> கண்ணடிச்சொல்

வேகமாகப் படித்தால் கண்ணாடிச்சொல். நிதானமாகப் படித்தால் காதல் விவகாரம். வேண்டாம்.

> ஈஸ்டர் எக் என்பதற்கு 'ஒளிமுட்டை' என்று வைத்து இதற்கும் அதையே பயன்படுத்தலாமே?

இதை ஒதுக்கத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. 1980ல் வந்த அட்டாரி வீடியோ கேம் ஒன்றில் வாரன் ராபினெட் தன் பெயரை ஒரு ரகசிய அறைக்குள் வைத்தார். விளையாட்டை உருவாக்கியவர்களின் பெயரைக் கம்பெனி போடாத காலம் அது. அந்த அறையைத் தேடிக் கண்டுபிடித்தால்தான் பெயர் தெரியும். ஈஸ்டர் எக் என்பது இப்படி நிஜமாகவே ஒளித்து வைப்பது. எங்கள் விஷயத்தில் ஒளிவே கிடையாது. 'கச்சான்' எல்லார் காதிலும் விழுந்தது, மைக் பையன் காதிலும்தான். அதனால் மறை, ஒளி, உள், கள்ளம் என்று தொடங்கும் சொற்கள் எல்லாமே என் கணக்கில் குறி தப்பியவை. எங்கே மறைந்திருக்கிறது என்பதை விட்டுவிட்டு, யாருக்காக வைத்தது என்பதைச் சொல் காட்ட வேண்டும்.

பழைய மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். துண்டு எல்லாருக்கும் தெரியும், இரண்டு கை பேசுவதும் தெரியும். விலை மட்டும் அந்த இரண்டு பேருக்கு. அந்த மாதிரி ஒரு சொல் வேண்டும்.

பேட்டியோடு நிற்காமல் எழுத்துக்கும் பொருந்த வேண்டும். ஸ்வீடனில் கரோலின்ஸ்கா நிறுவனத்து விஞ்ஞானிகள் இரண்டு பேர் 1997ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் நைட்ரிக் ஆக்சைடு பற்றி எழுதிய கட்டுரைத் தலைப்பில் பாப் டிலன் பாட்டு வரியை வைத்தார்கள். அப்புறம் அங்கேயே இன்னும் சில டிலன் ரசிகர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஓய்வு பெறுவதற்குள் அதிகக் கட்டுரைகளில் டிலனை நுழைத்தவருக்கு மற்றவர்கள் மதியச் சாப்பாடு வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம். 2014ல் விஷயம் செய்திகளில் அடிபட்டது. ஆராய்ச்சிக்கு ஒரு குறையும் இல்லை, யாரும் ஏமாறவும் இல்லை. என் மருமகனும் அவர்களும் ஒரே ஜாதி.

ஆக என் பரிந்துரை: சேக்காளிப்பொடி.

'பொடி வைத்துப் பேசுதல்' நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, வினையோடு சேர்ந்தே. "பேட்டியில் பொடி வைத்தான்" என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம். ஆனால் வெறும் பொடியில் கொஞ்சம் விஷமம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முன்னால் சேக்காளியை, அதாவது கூட்டாளியை, சேர்த்தால் விஷமம் போய்விடுகிறது, யாருக்கு வைத்தது என்பதும் வந்துவிடுகிறது. நெல்லை, குமரிக்கு வடக்கே புரியுமா என்று கேட்பீர்கள். புரியாதவர்கள் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். நாமும் வடக்கத்திச் சொற்களை அப்படித்தான் கற்றுக்கொண்டோம்.

மசாலா பாக்கெட் பெயர் மாதிரி இருக்கிறது என்று யாராவது சொல்லப்போகிறீர்கள். நானே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து

---

சாருக்கு,

சொல் நன்றாக இருக்கிறது. 'சேக்காளிக்குறி' என்று நான் எழுதியிருந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். குறி என்று முடித்தால் என் வகுப்பில் கடைசி பெஞ்சு அன்று பாடம் கேட்காது.

ஒரே ஒரு திருத்தம். உங்கள் மருமகன் செய்தது ஒன்றல்ல, இரண்டு. "கச்சான் நம்ம பக்கம் நின்னுது" என்றது சேக்காளிப்பொடி. "ரைட் விங், இன்னைக்கு லீவு" என்றது அந்தப் பையனை ஏய்த்தது. அவனுக்கும் மேலதிகாரி உண்டு, ஸ்க்ரோலில் கச்சான் பெயர் ஓடியிருந்தால் யார் திட்டு வாங்குவது? 1992ல் நியூயார்க் டைம்ஸ்காரர் சியாட்டில் பாட்டுக்கார இளைஞர்களின் கொச்சைச் சொற்களைக் கேட்டபோது, இசைத்தட்டுக் கம்பெனியில் வேலை பார்த்த மேகன் ஜாஸ்பர் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்ல, அது அகராதி மாதிரியே அச்சாகிவிட்டது. படிக்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அங்கே நிருபர்தான் பலி. அதற்கு 'பேட்டி ஏய்ப்பு' என்று தனியாகவே வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் பிறகு பிரிக்க முடியாது.

மருமகனிடம் சொல்லிவையுங்கள்.

மார்த்தாண்டம் டீச்சர்

---

டீச்சர், ஒத்துக்கொள்கிறேன். கட்டுரையில் அந்தப் பதினோரு இடத்தையும் திரும்பப் பார்த்தேன். ஒன்பதுதான் சேக்காளிப்பொடி, இரண்டு ஏய்ப்பு. மாற்றிவிட்டேன்.

மருமகனிடமும் சொன்னேன். அந்தப் பையனை நேற்றே ஊருக்குக் கூட்டிவந்து மீன் குழம்பு ஊற்றி, கச்சான் கதை முழுக்கச் சொல்லிவிட்டானாம். குழம்பில் உப்பு கொஞ்சம் கூடுதல். காரணத்தைப் பையனே சொன்னானாம்.