அம்மாவுக்கு எச்பிவி 16 இருக்கிறது, அடுத்த பரிசோதனைக்கு வர மறுக்கிறார்

வணக்கம். நாங்கள் சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறோம். அம்மாவுக்கு 54 வயது. மார்ச் மாதம் பலதுறை மருந்தகத்தில் எச்பிவி (கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய கிருமி) பரிசோதனை செய்ததில் 16ஆம் வகை கிருமி இருப்பது தெரிந்தது. கருப்பை வாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கும் கோல்போஸ்கோபி பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு தடவை தேதி வாங்கியும் அம்மா போகவில்லை. அடுத்தது வரும் 18ஆம் தேதி.

வலி, இரத்தப்போக்கு எதுவும் இல்லை. "நல்லாத்தானே இருக்கேன்" என்கிறார். உண்மைக் காரணம் வேறு. உடலுறவால் பரவும் கிருமி என்று கேட்டதிலிருந்து, அப்பா மீதோ தன் மீதோ பழி விழுமோ என்று ஒடுங்கிப்போய்விட்டார். எப்போதோ தொற்றி, பல வருடம் சத்தமில்லாமல் இருக்கக்கூடிய கிருமி இது. இதில் யாரைக் குறை சொல்வது?

நானே விளக்கிப் பார்த்தேன். பெரும்பாலோருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே போய்விடும். போகாமல் தங்கினால், கிருமியின் இ6, இ7 புரதங்கள் உயிரணுக்கள் கட்டுமீறிப் பெருகாமல் காக்கும் பி53, ஆர்பி புரதங்களை முடக்கிவிடும். புற்றுநோயாக மாற பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகும், அதற்குள் கண்டுபிடித்தால் மாறிய திசுவை அகற்றிவிடலாம். கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 விழுக்காடு 16, 18 வகைகளால்தான் வருகிறது என்றும் சொன்னேன். அப்புறம் பயம்தான் கூடியது. சின்னம்மா பேசினார், தாதி தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேசினார். பலனில்லை. மகன் சொல்லி இதைக் கேட்க அம்மாவுக்குக் கூச்சம்.

இங்கே கோல்போஸ்கோபி செய்துகொண்ட அக்கா யாராவது, 18ஆம் தேதிக்குள் அம்மாவிடம் தமிழில் பத்து நிமிடம் பேச முடியுமா?