கைட் லினக்ஸ் இன்ஸ்டால் ஆகல: "ஆர்எஸ்டியை அணைக்கவும்"னு நிக்குது, விண்டோஸும் வேணும்

கோரையாறு:

கொழிஞ்சாம்பாறையில இருந்து எழுதறேனுங்க. பொண்ணு பத்தாவது, தமிழ் மீடியம். அவ ஸ்கூல் லேப்ல இருக்கறது முழுக்க கைட் லினக்ஸ், கேரளா ஸ்கூல்களுக்குன்னு தயாரிச்ச லினக்ஸ். ஐடி ப்ராக்டிகலும் அதுலயேதான். வீட்டு லேப்டாப்ல விண்டோஸ் 11 மட்டும் இருக்கறதால அவளுக்கு ஸ்கூல்ல பழகறதோட சரி. ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு புள்ளைங்க உக்கார்ற லேப்ல, மவுஸ் இவ கைக்கு வர்றதுக்குள்ள பெல் அடிச்சுடுது. வீட்லயும் அதையே போட்டுக் குடுத்தா இங்க்ஸ்கேப்ல படம் வரையறதும் பைத்தான்ல ப்ரோக்ராம் எழுதறதும் நிதானமா உக்காந்து பழகிக்குவா.

லேப்டாப் எங்கண்ணன் கோயமுத்தூர்ல வெச்சிருந்து எங்களுக்குக் குடுத்தது. இன்டெல் 11ஆம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ஸ்கூல் ஐடி கோஆர்டினேட்டர் ஸார் கைட் 22.04ஐ பென்டிரைவ்ல ஏத்திக் குடுத்தார். பூட் ஆகுது, டெஸ்க்டாப் வருது. இன்ஸ்டால் அழுத்தினா, கொஞ்ச தூரம் போய், இந்தக் கம்ப்யூட்டர்ல இன்டெல் ஆர்எஸ்டி இருக்கு, அதை அணைச்சுட்டு வாங்கன்னு இங்கிலீஷ்ல ஒரு பக்கம் வந்து நிக்குது. அதுக்கு மேல நகர மாட்டேங்குது.

விண்டோஸ் போகக் கூடாதுங்க. வீட்டுக்காரர் இளநீர் லோடு கணக்கு முழுக்க அதுல ஒரு சாஃப்ட்வேர்ல வெச்சிருக்கார், பொள்ளாச்சி பாக்கி உட்பட. ரெண்டும் ஒண்ணா இருக்கணும். ஆர்எஸ்டின்னா என்னங்க, அணைச்சா என்ன ஆகும்?

வாளையார் காத்து:

பயாஸ்ல (லேப்டாப் ஆன் ஆகும்போதே ஒரு கீ அழுத்திப் போற செட்டிங்ஸ்) போய் டிஸ்க் மோடை ஆர்எஸ்டியில இருந்து ஏஹெச்சிஐங்கற சாதாரண முறைக்கு மாத்துங்க, இன்ஸ்டால் ஆயிடும். விண்டோஸ் எந்திரிக்கலன்னா மொத்தமா அழிச்சுட்டு லினக்ஸ் மட்டும் போடுங்க. நான் அப்படித்தான் வெச்சிருக்கேன், ஒரு குறையும் இல்ல.

மறையூர் கரும்பு:

அக்கா, மேல சொன்னதை உடனே செஞ்சுடாதீங்க. ஏஹெச்சிஐக்கு மாத்தறது சரியான வழிதான். ஆனா அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது ரெண்டு இருக்கு. அதைச் செய்யாம மாத்தினா லினக்ஸ் ஏறும், விண்டோஸ் எந்திரிக்காது. உங்க வீட்டுக் கணக்கு அதுல இருக்கும்போது அந்த ஆபத்து வேண்டாம்.

ஆர்எஸ்டிங்கறது இன்டெல்லோட டிஸ்க் நிர்வாக முறை. 11ஆம் தலைமுறையில இருந்து அது விஎம்டிங்கற கன்ட்ரோலருக்குப் பின்னாடி எஸ்எஸ்டியை வெச்சுடுது. விண்டோஸ்ல அதுக்குன்னு டிரைவர் இருக்கு, அதனால அதுக்கு டிஸ்க் தெரியும். உபுண்டுங்கற லினக்ஸோட 22.04 இன்ஸ்டாலர் இதைப் பார்த்ததும் நின்னுடும். கைட் அந்த உபுண்டு மேல கட்டினதுதான், அதனால அதே பக்கம் உங்களுக்கும் வருது. உங்க பென்டிரைவ்லயோ ஸார் ஏத்தினதுலயோ கோளாறு இல்ல.

இப்ப முதல் விஷயம். விண்டோஸ் செட்டிங்ஸ்ல ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள்ள டிவைஸ் என்கிரிப்ஷன்னு இருக்கான்னு பாருங்க. அது ஆன்ல இருந்தா டிஸ்க் பூட்டி இருக்குன்னு அர்த்தம். பயாஸ்ல கை வெச்சதும் விண்டோஸ் 48 இலக்க ரெக்கவரி கீ கேக்கும். அந்த கீ, முதல்ல அந்த லேப்டாப்ல எந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணாங்களோ அங்கதான் பெரும்பாலும் இருக்கும். உங்களோடது அண்ணன் வெச்சிருந்த லேப்டாப். அவர் அக்கவுன்ட்லயே இருக்க வாய்ப்பு அதிகம். அவருக்குப் போன் பண்ணிட்டு அப்புறம் மத்தது. கைமாறி வந்த லேப்டாப் வெச்சிருக்கற எல்லாருமே இதை இன்னைக்கே பார்த்து வெச்சுக்கணும்னு சொல்வேன், லினக்ஸ் போட்டாலும் போடாட்டியும்.

கோரையாறு:

நல்ல வேளை தம்பி கேட்டீங்க. ஆன்னுதான் இருக்கு. அண்ணனுக்குப் போன் பண்ணினேன். அவர் அக்கவுன்ட்ல லேப்டாப் பேரும் கீயும் அப்படியே இருக்குதுன்னார். எண்ணைச் சொல்லச் சொல்லி நோட்டுல எழுதி, திரும்பப் படிச்சுக் காட்டிச் சரி பார்த்தாச்சு. இனி என்னங்க?

மறையூர் கரும்பு:

அருமைக்கா. இனி அந்த என்கிரிப்ஷனை ஆஃப் பண்ணிடுங்க. பூட்டின டிஸ்க்ல பக்கத்துல இன்ஸ்டால் பண்ண உபுண்டு இன்ஸ்டாலர் ஒத்துக்காது, அதனால எப்படியும் இதைத் திறந்துதான் ஆகணும். முழுசா திறக்க நேரம் ஆகும். சார்ஜர் குத்தியே இருக்கட்டும், நடுவுல மூடிடாதீங்க. அதுக்கு முன்னாடி கணக்கு ஃபைல் ஒரு காப்பி வேற பென்டிரைவ்ல எடுத்துடுங்க. இன்ஸ்டால் பென்டிரைவ்ல இல்ல, வேற ஒண்ணுல.

ரெண்டாவது விஷயம் சேஃப் மோடு. ஆர்எஸ்டி டிரைவரை வெச்சே எந்திரிச்சுப் பழகின விண்டோஸ், திடீர்னு ஏஹெச்சிஐன்னா டிஸ்க் தெரியாம நீலத் திரையில நிக்கும். சேஃப் மோட்ல ஒரு தடவை எந்திரிச்சா அடிப்படை டிரைவர்களை எல்லாம் ஏத்திப் பார்த்து, ஏஹெச்சிஐ டிரைவரையும் சேர்த்துக்கும். அதனால வரிசை இப்படி: விண்டோஸ்ல சிஸ்டம் கான்ஃபிகரேஷன் திறந்து, பூட் பக்கத்துல சேஃப் பூட், மினிமல்னு டிக் பண்ணுங்க. ரீஸ்டார்ட் ஆகும்போது நேரா பயாஸுக்குள்ள போய் மோடை மாத்தி சேவ் பண்ணுங்க. விண்டோஸ் சேஃப் மோட்ல வரும். வந்ததும் அதே இடத்துல டிக்கை எடுத்துட்டு திரும்ப ரீஸ்டார்ட். சாதாரணமா வந்தா வேலை முடிஞ்சது.

சேஃப் மோட்ல சில லேப்டாப் பின் நம்பரை வாங்காது, பாஸ்வேர்டுதான் கேக்கும். அது ஞாபகத்துல இருக்கான்னு முன்னாடியே பார்த்துக்கங்க.

சித்தூர் டீச்சர்:

நான் பாலக்காட்டுச் சித்தூர். எங்க ஸ்கூல்லயும் பிள்ளைகள் வீட்டு லேப்டாப் கொண்டு வருவார்கள். மறையூர் தம்பி சொன்ன வரிசை சரி. இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

உபுண்டு 24.04 புதியது, அதையே போடலாமே என்று யாராவது சொல்வார்கள். அதற்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு, நல்லதுதான். ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் கைட் 22.04ஐயே சொல்வேன். ஸ்கூல் லேபில் இருக்கும் அதே மெனு, அதே ஆப், அதே பதிப்பு. பரீட்சை அறையில் பட்டன் இடம் மாறி இருந்தால் பிள்ளை தெரிந்ததையும் தேடிக்கொண்டு இருக்கும். 22.04க்கும் 2027 ஏப்ரல் வரை அப்டேட் வரும், அவள் பத்தாவது முடிப்பதற்கு அது போதும்.

அடுத்தது, இன்ஸ்டால் செய்வதற்கு முன்னால் பென்டிரைவிலிருந்தே ட்ரை என்பதில் ஓட்டி, வைஃபை, ஸ்பீக்கர், டச்பேட், கேமரா எல்லாம் வேலை செய்கிறதா பாருங்கள். டிஸ்கில் எதுவும் எழுதப்படாது. மகள் ஸ்கூல் ஐடி கிளப்பான லிட்டில் கைட்ஸில் இருந்தால் அவளையே பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள். நீங்கள் படித்துச் சொல்ல, கீபோர்டில் அவள் கை இருக்கட்டும். எங்கள் ஸ்கூலில் இப்படிச் செய்து பழகிய பெண் பிள்ளைகள் இன்றைக்கு மற்றவர்களுக்குப் போட்டுக் கொடுக்கிறார்கள்.

கோரையாறு:

டீச்சர், அவ லிட்டில் கைட்ஸ்லதான் இருக்கா! இப்ப அவதான் பக்கத்துல. என்கிரிப்ஷன் ஆஃப் ஆயிடுச்சு, கணக்கும் காப்பி எடுத்தாச்சு. ஆனா பயாஸ்ல அந்த மோடு எங்கயும் இல்லீங்க. எஃப்2 அழுத்தி உள்ள போய் எல்லாப் பக்கமும் பார்த்துட்டோம். ஆர்எஸ்டியும் இல்ல, விஎம்டியும் இல்ல.

நகரி நெசவு:

வணக்கம்க்கா. ஆந்திரா எல்லையில நகரியில இருக்கேன், இங்க தறி டிசைன் போடறவங்களுக்குக் கம்ப்யூட்டர் சரி பண்ணிக் குடுப்பேன். அந்த ஆப்ஷன் இல்லாம இல்லக்கா, மறைச்சு வெச்சிருக்காங்க. ஏசர் மாடல்கள்ல மெயின் பக்கத்துல நின்னு கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினா விஎம்டி கன்ட்ரோலர்னு ஒரு வரி புதுசா தெரியும். அதை டிஸேபிள் பண்ணணும். டெல்லா இருந்தா ஸ்டோரேஜ் பகுதியில ரெய்டு ஆன்னு இருக்கறதை ஏஹெச்சிஐ ஆக்கணும். மாத்தறதுக்கு முன்னாடி பழைய பக்கத்தை மொபைல்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. வேற எதையும் தொடாதீங்க. ஒருவேளை விண்டோஸ் வரலன்னாலும் பயப்பட வேணாம், மோடைப் பழையபடி மாத்தினா திரும்ப வந்துடும்.

கோரையாறு:

கன்ட்ரோல் எஸ் அழுத்தினதும் வந்துடுச்சுங்க! சேஃப் மோட்ல போய், டிக் எடுத்து, விண்டோஸ் நல்லா எந்திரிச்சது. கணக்கு சாஃப்ட்வேர் திறந்து பார்த்தாச்சு, எல்லாம் அப்படியே இருக்கு. வீட்டுக்காரர் அதுக்கப்புறம்தான் சாப்பிடவே வந்தார்.

இப்ப லினக்ஸுக்கு எவ்வளவு இடம் விடறது? இன்ஸ்டாலரே பிரிச்சுக்குமா, நாமளே பிரிக்கணுமா?

மறையூர் கரும்பு:

விண்டோஸ்லயே டிஸ்க் மேனேஜ்மென்ட் போய், சி டிரைவை ஷ்ரிங்க் பண்ணிக் காலி இடம் விடறது நல்லது. விண்டோஸ் தன்னோட இடத்தைத் தானே சுருக்கிக்கட்டும். 60 ஜிபி தாராளம். அவ்வளவு தரமாட்டேன்னு சொன்னா, சி டிரைவ் நடுவுல நகர்த்த முடியாத ஃபைல் உக்காந்திருக்குன்னு அர்த்தம். ஹைபர்னேஷனை ஆஃப் பண்ணிட்டுத் திரும்பப் பாருங்க. கூடவே பவர் ஆப்ஷன்ஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் எடுத்துடுங்க. அது ஆன்ல இருந்தா விண்டோஸ் ஷட்டவுன் ஆனாலும் பாதித் தூக்கத்துலதான் இருக்கும், லினக்ஸ்ல இருந்து அந்த டிரைவ்ல எழுத முடியாது.

இன்ஸ்டாலர்ல விண்டோஸ் கூடவே போடறதுக்கான அலாங்சைடு வரியைத் தேர்ந்தெடுங்க. இரேஸ் டிஸ்க்னு இருக்கற வரிப் பக்கமே போகாதீங்க. கடைசியா இன்ஸ்டால் நவ் அழுத்தும்போது எந்தப் பார்ட்டிஷன்ல என்ன எழுதப் போறேன்னு ஒரு பட்டியல் காட்டும். அதைப் பொண்ணை விட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்லிட்டு அழுத்துங்க.

கோரையாறு:

இன்ஸ்டால் ஆயிடுச்சு! ஆன் பண்ணினா உபுண்டுவா விண்டோஸான்னு கேக்குது, ரெண்டும் வருது. ஒரே ஒரு குறை, லினக்ஸ்ல வைஃபை காட்டல. பென்டிரைவ்ல ட்ரை பண்ணப்பவும் வரல, இன்ஸ்டால் பண்ணா வந்துடும்னு இருந்துட்டோம். நடுவுல ஒரு பாஸ்வேர்டு கேட்டுச்சு, குடுத்தோம். ரீஸ்டார்ட் ஆனப்ப ஒரு நீலத் திரை வந்து தானாப் போயிடுச்சு.

நகரி நெசவு:

அந்த நீலத் திரைதான்க்கா விஷயம். செக்யூர் பூட்னு, நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் ஓட விடற ஒரு பாதுகாப்பு இருக்கு. அது ஆன்ல இருக்கும்போது வெளி டிரைவர் போட்டா, இதை நம்பலாமான்னு உங்க கிட்ட ஒரு தடவை அனுமதி கேக்கும். பத்து செகண்டுல எந்தக் கீயும் அழுத்தலன்னா விட்டுட்டுப் போயிடும். டிரைவர் உள்ள இருந்தும் ஓடாது.

போனை யூஎஸ்பி கேபிள்ல குத்தி யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க, லினக்ஸ்ல நெட் வந்துடும். அடிஷனல் டிரைவர்ஸ்னு ஒரு ஆப் இருக்கும். அதுல வைஃபை டிரைவரை எடுத்துட்டு திரும்பப் போடுங்க. மறுபடி பாஸ்வேர்டு கேக்கும், குடுங்க. ரீஸ்டார்ட்ல நீலத் திரை வந்ததும் ஏதாவது ஒரு கீ அழுத்தி, என்ரோல் எம்ஓகே எடுத்து, கன்டினியூ, யெஸ், அதே பாஸ்வேர்டு, அப்புறம் ரீபூட். செக்யூர் பூட்டை அணைச்சும் ஓட்டலாம். ஆனா விண்டோஸும் இருக்கற லேப்டாப்ல அதை ஆன்லயே விட்டு வெக்கறதுதான் என் பழக்கம்.

கோரையாறு:

வைஃபை வந்துடுச்சு தம்பி, ரொம்ப நன்றிங்க. பொண்ணு இப்பவே இங்க்ஸ்கேப்ல உக்காந்துட்டா. அவ ஒண்ணு கேக்கறா: தமிழும் மலையாளமும் ரெண்டும் டைப் பண்ணணும், எந்தக் கீபோர்டு பழகறது? இன்னொண்ணு, விண்டோஸுக்குத் திரும்பிப் போனா கடிகாரம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டுது.

சித்தூர் டீச்சர்:

தமிழ் மட்டும் என்றால் தமிழ்99 வேகமானது. ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் புள்ளி தானாக விழும், அம்மா என்று அடிக்கத் தனியாகப் புள்ளி தேட வேண்டாம். ஆனால் இரண்டு மொழியும் வேண்டுமென்றால் நம் எல்லைப் பிள்ளைகளுக்கு இன்ஸ்கிரிப்ட்தான் என் தேர்வு. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஒலி ஒரே விசையில் இருக்கும். தமிழில் கே விசையில் க, எச் விசையில் ப, எல் விசையில் த. மலையாளத்துக்கு மாற்றினாலும் அந்த எழுத்துகள் அதே விசைகளில். ஒரு தடவை விரல் பழகினால் இரண்டாவது மொழிக்குப் பாதி உழைப்புதான். நகரிக்காரருக்குத் தெலுங்கும் அதே விசைகளில்தான்.

செட்டிங்ஸில் கீபோர்டு, இன்புட் சோர்சஸ் போய் இரண்டையும் சேர்த்துக்கொள்ளட்டும். விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

மறையூர் கரும்பு:

கடிகாரம் கெட்டுப் போகலக்கா. லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்துல உலகப் பொது நேரத்தை எழுதி வெக்குது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம்னு எடுத்துக்குது, அதான் அந்த அஞ்சரை மணி. லினக்ஸ் டெர்மினல்ல டைம்டேட்சிடிஎல் கட்டளையால ஆர்டிசியை, அதாவது அந்த மதர்போர்டு கடிகாரத்தை, லோக்கல் டைமுக்கு மாத்திட்டா ரெண்டும் ஒத்துப் போகும். லேப்ல கோஆர்டினேட்டர் ஸாருக்குத் தெரிஞ்சிருக்கும், பொண்ணை அவர்கிட்டக் கேட்டு எழுதிட்டு வரச் சொல்லுங்க. மாத்தினதுக்கப்புறம் விண்டோஸ்ல தேதி நேரப் பக்கத்துல சிங்க் நவ் ஒரு தடவை அழுத்திடுங்க. லோடு கணக்குல தேதி தப்பா விழக் கூடாதில்ல, அதனால வீட்டுக்காரர் அடுத்த கணக்கு எழுதறதுக்குள்ள இதை முடிச்சுடுங்க.