மறு: 73939133 போன்ற பகா எண்களுக்கு என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு,

> 'துண்டிக்கத்தக்க பகா எண்' என்றே வைத்துவிடலாமே. பொருள் நேராக வருகிறது.

வருகிறது ஐயா. ஆனால் எந்தப் பக்கம் துண்டிப்பது என்பது அதில் இல்லை. 73939133-இன் கடைசி இலக்கத்தை நீக்கினால் 7393913. அப்புறம் 739391, 73939, 7393, 739, 73, 7. அத்தனையும் பகா எண்கள். முன்பக்கமிருந்து வெட்டிக்கொண்டு வந்தால் இந்தப் பெருமை நிற்காது. வழியில் 133 வரும், அது 7×19.

செய்யுள் விகாரத்தில், அதாவது செய்யுளுக்காகச் சொல் வடிவம் மாறுவதில், இதற்குச் சொல் தயாராகவே இருக்கிறது. தாமரை 'மரை' ஆனால் முதற்குறை, நீலம் 'நீல்' ஆனால் கடைக்குறை. ஆகவே 73939133 ஒரு கடைக்குறைப் பகா எண்.

> சொல் குறைந்தாலும் பொருள் மாறாது. எண்ணில் மதிப்பே மாறிவிடுகிறதே?

மதிப்பு மாறட்டும், பகாத்தன்மை மாறவில்லை. நாம் பெயர் வைப்பது அதற்குத்தான். செய்யுளில் குறைவது ஒரு தடவை, இங்கே ஓரிலக்கம் மிஞ்சும் வரை குறைகிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அதற்காகப் பெயரில் 'தொடர்' சேர்த்தால் நீண்டுவிடும். வரையறையில் சொன்னால் போதும்.

இந்த வகை 8 இலக்கத்தோடு ஏன் நிற்கிறது என்று குழுவிலுள்ள ஓர் அம்மா கேட்டிருந்தார். இந்த இழையில் வந்த நல்ல கேள்வி அதுதான். பின்னால் ஒட்டக்கூடியவை 1, 3, 7, 9 மட்டுமே. மற்றவை 2 அல்லது 5-ஆல் வகுபட்டுவிடும். எண்ணை 3-ஆல் வகுத்து மீதி 2 வந்தால் 1, 7 இரண்டும் போயின, ஏனென்றால் இலக்கங்களின் கூட்டுத்தொகை 3-இன் மடங்காகிவிடும். 3, 9 மீதியை மாற்றுவதில்லை. ஆக, மீதி 2 வந்துவிட்டால் அதன்பின் 3, 9 தவிர வேறு வழியே கிடையாது. 7-இன் மீதி 1 என்பதால், 7-இல் தொடங்கும் எண்ணில் அந்த 7-க்குப் பின் 1 அல்லது 7 ஒரே ஒரு முறைதான் நுழைய முடியும். நம் எண்ணில் அந்த ஒற்றை 1 ஆறாவது இடத்தில் இருக்கிறது. 3-இல் தொடங்கினால் இரண்டு முறை: 37337999. 2-இலோ 5-இலோ தொடங்கினால் ஒருமுறைகூட இல்லை: 23399339, 59393339. இப்படி வழி அடைபட்டு, நாம் வழக்கமாக எழுதும் பத்தடிமானத்தில் மொத்தமே 83 எண்கள். அவற்றில் மிகப் பெரியது 73939133. அதன் பின்னால் எதை ஒட்டினாலும் பகு எண்தான்.

எதிர்ப்பக்கம், அதாவது முன்னிருந்து வெட்டினாலும் பகாவாகவே நிற்கும் எண்களில், இவ்வளவு நெருக்கடி இல்லை. முன்னால் 1 முதல் 9 வரை எதையும் வைத்துப் பார்க்கலாம். சுழியம் கூடாது என்ற நிபந்தனையோடு 4260 எண்கள் உண்டு; மிகப் பெரியது 357686312646216567629137, 24 இலக்கம்.

> வலக்குறை, இடக்குறை என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியுமே?

'இடக்குறை' இடைக்குறையோடு (சொல்லின் நடுவில் குறைவது) குழம்பும். அதைவிட 'முதற்குறை'யில் ஒரு சிக்கல் இருக்கிறது: நிரல் எழுதுபவர்களில் பலர் வலக்கோடியிலுள்ள ஒன்றாம் இடத்திலிருந்து எண்ணுவார்கள், அவர்களுக்கு முதல் இலக்கம் நமக்குக் கடைசி. எனவே முன்னால் குறையும் வகைக்கு 'தலைக்குறை' என்பது என் முன்மொழிவு. இலக்கணத்திலும் அந்த வழக்கு உண்டு.

சரி, 739397-ஐ என்ன செய்வது? பின்னால் குறைத்தாலும் முன்னால் குறைத்தாலும் அது பகா எண்ணாகவே இறங்கும். அப்படிப்பட்டவை 15 மட்டுமே, இதுதான் கடைசி. 'இருமுனைக்குறை' என்று எழுதிப் பார்த்தேன், ஓசை இடிக்கிறது. வேறு தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள்.