புதுப்பிப்பு: மேலே ஏறும்போது வரும் சைனஸ் வலி

ஸ்கூபாவில் (சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி நீரில் மூழ்குவது) கீழே இறங்கும்போது புருவத்துக்கு மேல் குத்தினால் உடனே ஓரிரு மீட்டர் ஏறுங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். மேலே ஏறும்போது வலித்தால் என்ன செய்வது என்று பலர் கேட்டதால் இந்தச் சேர்க்கை.

சைனஸ் என்பது முக எலும்புக்குள் இருக்கும், மூக்கில் திறக்கும் காற்றறை. 10 மீட்டர் ஆழத்திலிருந்து மேற்பரப்புக்கு வருவதற்குள் அதிலுள்ள காற்று இரு மடங்காக விரியும். சைனஸின் வாய் வீங்கி அடைத்திருந்தால் அந்தக் காற்று வெளியேற வழியில்லை. மூக்கடைப்பு மருந்தின் வேகம் நீருக்கடியில் தீர்ந்துபோவதுதான் வழக்கமான காரணம். சளியோடு இறங்க அந்த மருந்தை நம்பாதீர்கள்.

வலித்தால் ஒரு மீட்டர் இறங்கி நின்று, மிக மெதுவாக ஏறுங்கள். சிலிண்டர் அளவைப் பார்த்துக்கொண்டே இருங்கள். காற்று தீர்ந்தால் வலித்தாலும் ஏறித்தான் ஆக வேண்டும். மூக்கைப் பிடித்து ஊதாதீர்கள். காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் காதுக்குழாயைத் திறக்கத் தசை உண்டு, சைனஸ் வாய்க்குக் கிடையாது. ஊதினால் அழுத்தம்தான் கூடும்.

முகமூடிக்குள் கொஞ்சம் ரத்தம் தெரிந்தால் பயப்படத் தேவையில்லை, ஆனால் அன்றைய டைவ் அதோடு சரி. மேல்பல் வலி, கன்ன மரப்பு இரண்டும் கன்ன சைனஸைக் காட்டும். இரட்டைப் பார்வை, கண்ணைச் சுற்றி வீக்கம், கடும் தலைவலி, காய்ச்சல் இருந்தால் அன்றே மருத்துவமனை. மூக்கைச் சிந்தவும் கூடாது, விமானமும் வேண்டாம்.